லூர்து மேரி போடாத காசு

அந்தோணியார் திருவிழா முடிந்த மறுநாள், கோயில் வாசலில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்டார்கள். சேவல், வாழைத்தார், கிடாய்க்குட்டி என்று ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தது. லூர்து மேரிக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. வேப்பமரத்தடிக்கும் கிணற்றடிக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

அவள் புருஷன் ஞானமுத்து பட்டாளத்தில் சேர்ந்து மலேயாவுக்குப் போனவன். சண்டையில் சிங்கப்பூர் எதிரி கையில் விழுந்தபின் கடிதமே இல்லை. போகும்போது ஒரு வெள்ளி ரூபாயைக் கொடுத்துவிட்டுப் போனான். 1911இல் அடித்தது. அதில் ராஜாவின் அங்கியில் இருந்த யானை பன்றி போலத் தெரிகிறதென்று பேச்சுக் கிளம்பி, சர்க்காரே திரும்ப வாங்கி உருக்கிவிட்டதாம். தப்பிய காசுகள் கொஞ்சம்தான். அது தன் கையில் இருக்கும்வரை அவன் உயிருக்கு ஒன்றும் ஆகாது என்று எப்படியோ அவள் மனசில் விழுந்துவிட்டது.

மாசியில் மகளுக்கு விஷக்காய்ச்சல். பிள்ளை பிழைத்தால் அந்தக் காசையே தருவதாக ஊரறிய நேர்ந்துகொண்டாள். பிழைத்தது. ஆனால் திருவிழாவுக்குக் கொடியேறிய அன்று காணிக்கை போடும்போது கை வரவில்லை. அதே ராஜா தலை போட்ட சாதாரண ரூபாய் ஒன்றை மஞ்சள் துணியில் முடிந்து போட்டுவிட்டாள். அன்றிலிருந்து பிள்ளை லேசாக இருமினாலும் அவளுக்குத் திக்கென்றது.

ஏலம் விட்டுக்கொண்டிருந்த உபதேசியார் இருதயம் அந்த மஞ்சள் முடிச்சைத் தூக்கிக் காட்டினார். இதற்கென்றே தேனியிலிருந்து வந்திருந்த பருத்தி வியாபாரி முத்துக்கருப்பன் இருபதில் ஆரம்பித்தார். உள்ளூர்க்காரர் ஒருவர் விடவில்லை. கடைசியில் நாற்பத்திரண்டுக்கு முத்துக்கருப்பனுக்கே படிந்தது. அவிழ்த்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னார் உபதேசியார்.

"கோயில் பொருளைச் சோதிச்சா வாங்குறது?" என்று முத்துக்கருப்பன் பணப்பையைத் திறந்தார்.

அதைக் கேட்டபின் அவளால் தாங்க முடியவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் இடுப்பு முடிச்சை அவிழ்த்தாள்.

"அது இல்லைய்யா. நேந்துக்கிட்டது இதுதான். நான்தான் மாத்திப் போட்டேன்."

கூட்டம் சலசலத்தது. அபராதம் போட வேண்டும் என்றார் ஒருவர். உபதேசியார் முகம் சிவந்து ஏன் இப்படிச் செய்தாள் என்று கேட்டார்.

"இது கையில இருந்தா அவுக வந்துருவாகன்னு நெனச்சேன்."

முத்துக்கருப்பன் அவள் நீட்டிய காசை வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சொன்ன தொகையை உபதேசியாரிடம் எண்ணி வைத்துவிட்டுக் காசைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு அவளிடம் தணிந்த குரலில் கேட்டார்:

"பட்டாளத்து ஆபீசுக்கு எழுதிக் கேட்டியாத்தா?"

அவள் எழுதிக் கேட்கவில்லை. என்ன பதில் வருமோ என்ற பயத்தில், காசை நம்பி இத்தனை நாள் வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

மறுநாள் விடிந்ததும் சின்னமனூருக்கு நடந்து, மனு எழுதுபவரைப் பிடித்து எழுதிப் போட்டாள். அதன்பின் தபால்காரர் வரும் நேரத்துக்கு உலையை அப்படியே விட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடிவந்தாள். ஆவணியில் பதில் வந்தது. ஞானமுத்துவின் பெயர் எதிரியிடம் பிடிபட்ட கைதிகள் பட்டியலில் இருந்தது.

உபதேசியாரை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். கைதிக்குக் கடுதாசி போட எந்த விலாசம் எழுத வேண்டும் என்று உடனே விசாரிக்கத் தொடங்கினாள்.