இரண்டு மணி ஆட்டம்

ஐஸ் பெட்டியின் பிளக்கை முஜிபுர் ரஹ்மான் பிடுங்கியபோது கூடத்தில் இருந்தவர்கள்: இறந்தவனின் தகப்பன் பிலோமின்ராஜ், தாய் ரோசரி, மனைவி லிசி, பங்குச்சாமியார், கோவில் கமிட்டி அற்புதசாமி. மற்றவர்கள் வாசல் பந்தலில் நின்றார்கள். உள்ளே வரும் உரிமை யாருக்கு உண்டு என்பதில் பிலோமின்ராஜ் வீட்டில் என்றைக்கும் குழப்பம் இருந்ததில்லை.

பெட்டிக் கண்ணாடியில் நீர் கோத்து, மகன் பிரவீன்ராஜின் முகம் மங்கலாகத் தெரிந்தது. பிலோமின்ராஜ் தோள் துண்டால் துடைத்தார். மறுபடியும் கோத்தது.

"விடுங்க மாமா" என்றாள் லிசி. நேற்றிலிருந்து அவரிடம் அவள் பேசிய முதல் வார்த்தை.

மே மாதத் திருவிழாவில் கல்யாணமானவர்களுக்கும் ஆகாதவர்களுக்கும் கோவில் மைதானத்தில் ஃபுட்பால் நடக்கும். கோப்பை பிலோமின்ராஜின் தகப்பனார் பெயரில். சாயங்காலம் தேர் புறப்பட வேண்டும் என்பதால் ஆட்டம் எப்போதும் இரண்டு மணிக்கு. பிரவீனின் பள்ளிக்கூடத்து சிநேகிதன் முஜிபுர்தான் வருஷா வருஷம் கல்யாணமானவர்கள் பக்கம் கோல்கீப்பர். இந்த வருஷம் ஆட்டத்துக்கு முன்னால் அவன் பிரவீனையும் கூட்டிக்கொண்டு பிலோமின்ராஜிடம் வந்து நின்றான்.

"அங்கிள், காலையிலேயே வச்சிருக்கலாம். இவன் பெங்களூர்ல ஏசியில உக்காந்திருந்தவன். வந்து ரெண்டு நாள்தான் ஆவுது. நம்ம வெயில் இன்னும் பழகல."

"எங்கப்பா காலத்துலயும் வெயில் அடிச்சுச்சு தம்பி."

"தண்ணி குடிக்கவாவது நடுநடுவுல நிறுத்துவோம்."

"ஆட்டம் ஆட வந்தீங்களா, விருந்து சாப்பிட வந்தீங்களா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பிரவீனும் சிரித்தான்.

இடைவேளைக்குப் பிறகு பிரவீன் பந்தைத் தன் பக்கத்துக் கோலை நோக்கியே அடித்தான். "டேய் மாப்ள, இது நம்ம கோலுடா!" என்று முஜிபுர் கத்தினான். பிரவீன் தள்ளாடினான். ரெஃப்ரியைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். பிறகு கோட்டோரம் வந்து நின்று, "பஸ் வந்துருச்சா?" என்று கேட்டான்.

"மாப்ளைக்கு மத்தியானமே ஏறிடுச்சுடோய்" என்று யாரோ கூவ, மைதானம் குலுங்கிச் சிரித்தது.

நாலு வருஷத்துக்கு முன்னால் சமயபுரத்தில் ஒரு கல்யாணத்தில் பிரவீன் குடித்துவிட்டு எல்லார் முன்னாலும் விழுந்தவன். அதற்கப்புறம் லிசிக்குச் சத்தியம் செய்து கொடுத்துவிட்டு அதைத் தொடவே இல்லை. ஊரோ அவன் விழுந்ததை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டது. தகப்பனும் அப்படித்தான்.

பிலோமின்ராஜ் முன்வரிசை நாற்காலியிலிருந்து எழுந்து போய் மகனின் கையைப் பிடித்தார். கை தோசைக்கல்லாகச் சுட்டது. அதையும் குடியின் சூடு என்றே நினைத்தார். "குடிச்சிருக்கான். தூங்குனா தெளிஞ்சிடும்" என்று அற்புதசாமியிடம் சொன்னார். தேர்ச் சாமான்கள் போட்டுவைக்கும் தகரக் கொட்டகையில் அவனைப் படுக்கவைத்து, யாரும் பார்க்காதபடி வெளியே தாழ்ப்பாள் போட்டார். கொட்டகையை ஒட்டி, தேருக்காக மைதானம் நனைக்க வந்த தண்ணீர் லாரி நிறைந்து நின்றது.

ஆட்டம் முடிந்தது. கோப்பையைத் தன் கையாலேயே கொடுத்தார். சிநேகிதனைத் தேடிப் போன முஜிபுர் தாழ்ப்பாளைத் திறந்தபோது பிரவீனுக்கு வலிப்பு வந்து ஓய்ந்திருந்தது. லாரிக் குழாயைப் பிடுங்கி அவன்தான் தண்ணீர் அடித்தான்.

"தாறுமாறா பேசுனாருன்னு சொல்றீங்களே, வெயில் தாக்குனதுக்கு அதுதாங்க அடையாளம்" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். "அப்பவே நிழல்ல போட்டு, ஒடம்பெல்லாம் தண்ணி ஊத்தி, விசிறிக்கிட்டே கொண்டாந்திருந்தா..." அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

கூடத்தில் உடலை ஐஸ் பெட்டியிலிருந்து சவப்பெட்டிக்கு மாற்றினார்கள். ரோசரி மகனின் ஆட்டச் சட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். லிசி மாமனார் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அவரு வாய மோந்து பாத்தீங்களா மாமா?"

அவர் ஈரத் துண்டைக் கையில் முறுக்கினார்.

"திருவிழாவும் அதுவுமா குடிச்சிட்டு ஆடி செத்துட்டாருன்னு பந்தல்லயே பேசிக்கிறாங்க. எம் புள்ள இதே தெருவுலதான் நடக்கணும். நான் சொன்னா, பொண்டாட்டி மறைக்கிறான்னுவாங்க. பெட்டி வாசல் தாண்டறதுக்குள்ள நீங்க சொல்லணும்."

மகன் குடிக்கவில்லை என்றால், பிறகு ஏன் பூட்டினாய் என்று கேட்பார்கள். பிலோமின்ராஜுக்கு அது தெரியும். லிசிக்கும் தெரிந்திருந்தது. ரோசரி நிமிர்ந்து பார்த்தாள். சட்டையை மறுபடி மடித்தாள்.

பெட்டியைத் தூக்கினார்கள். முன்பக்கம் முஜிபுர். வாசற்படியில் இறங்கும்போது அற்புதசாமி சாமியாரின் காதோரம் குனிந்தார்.

"தங்கமான பையன் ஃபாதர். அந்தப் பழக்கம் ஒண்ணுதான்..."

"பெட்டிய எறக்குங்க" என்றார் பிலோமின்ராஜ்.

பந்தல் பெஞ்சில் இறக்கினார்கள். அவர் ஈரத் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, முதுகு வளையாமல் நின்றார். கோவிலில் பைபிள் வாசகம் வாசிக்கும் அதே குரல்.

"என் மகன் குடிக்கல. வெயில் தாங்காம செத்தான். குடிச்சிருக்கான்னு சொன்னதும் நான். கொட்டகையில போட்டுத் தாழ்ப்பாள் போட்டதும் நான்."