எருக்கலைச் சாறும் லெவ்வையின் தண்ணீரும்

ஆதம்பாவாவின் மூளையில் பழுது சொல்ல முடியாது. அந்த மூளையால் காய்ச்சியதை வைத்த இடம்தான் பிழை. இரண்டு போத்தல்களையும் குசினியில், அடுப்புக்கு மேலிருந்த தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டான்.

ஒன்றில் எருக்கலைச் சாறு. கடற்கரையில் எருக்கலை இலையை வெட்டிக் குவித்த இடத்தில் எட்டே நாளில் புல் கருகியதைக் கண்டு, வயலின் களைக்கும் அதே கதி வரட்டும் என்று காய்ச்சி வடித்தது. மற்றதில், பள்ளிவாசல் லெவ்வை குங்குமப்பூ மையால் பீங்கானில் ஓதி எழுதிக் கழுவிக் கொடுத்த தண்ணீர். இரண்டு பிள்ளைகளை வயிற்றிலேயே இழந்த அவன் மனைவி ஹாஜறாவுக்கு இப்போது நாலு மாதம். அவள் குடிக்க வேண்டியது. இரண்டும் மஞ்சள். இவனுக்கோ தடிமல், மணமும் பிடிபடாது.

சாறு வைத்த பக்கம் என்று வலப்பக்கத்துப் போத்தலைக் கொண்டுபோய் வயலின் ஒரு மூலையில் தெளித்துவிட்டு லுஹர் தொழுகைக்கு வந்தவன், தட்டு பளிச்சென்று இருப்பதைக் கண்டான்.

"விடியவே தொடச்சி அடுக்கிட்டன்" என்றாள் ஹாஜறா.

அடுக்கினதில் போத்தல்கள் இடம் மாறியிருந்தால்? "லெவ்வைர தண்ணியக் குடிச்சயா, புள்ள?"

"ஓம், குடிச்சன்."

"எப்பிடி இருந்திச்சி?"

"கசந்திச்சி. மருந்தெண்டாக் கசக்காம இனிக்குமா?"

எருக்கலை வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்பது ஊரறிந்தது. குங்குமப்பூவும் கசக்குமாமே? திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். அவளிடம் சொல்லிப் பயமுறுத்தவும் முடியவில்லை. நாட்டு வைத்தியம் பார்க்கும் பரிசாரியாரிடம் ஓடினான். "குடிச்சிருந்தா இந்நேரம் துடிச்சிருப்பாள். எண்டாலும் பார்த்துக்கிட்டிரு" என்றார் அவர். அதில் ஆறுதல் எது, அச்சம் எது என்று பிரிக்கவே தெரியவில்லை.

களை வாடினால் சாறு வயலுக்குப் போயிருக்கிறது, ஹாஜறா தப்பினாள். வாடாவிட்டால்? சாறு உதவாதா, அல்லது அவள் வயிற்றில் இருக்கிறதா? தினமும் வரம்பில் குந்தியிருந்து களையைக் கெஞ்சினான். எட்டாம் நாளும் அது பச்சைப்பசேலென்று நின்றது.

"களைக்கா அழுறாய், தம்பி? புடுங்கினாப் போச்சி" என்றார் பக்கத்து வயல் வேலப்போடி.

அவன் வீட்டுக்கு ஓடி, எல்லாவற்றையும் ஹாஜறாவிடம் கொட்டிவிட்டான். அவள் முகம் வெளுத்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு உண்மையைச் சொன்னாள்.

"நான் பொய் செல்லிட்டன். வாயில வெச்சதும் கசந்திச்சி, துப்பிட்டன். ஓதின தண்ணிய கால் படுற இடத்துல ஊத்தப்படாதெண்டு, தேசிக்காய் மரத்தடியில ஊத்தினன்."

கொல்லைக்குப் பாய்ந்தான். மரத்தைச் சுற்றியிருந்த புல் முழுவதும் வைக்கோலாய்க் காய்ந்து கிடந்தது.

ஆதம்பாவா அந்தப் புல்லின் மேலேயே உட்கார்ந்து, அல்ஹம்துலில்லாஹ் என்று விம்மி விம்மி அழுதான். ஹாஜறா பின்னால் வந்து நின்றாள். அவளுக்கு இன்னும் லெவ்வையின் பயம்தான்.

"துப்பினத லெவ்வைக்கிட்டச் செல்லிராதீங்க" என்றாள்.