மாரத்தான் ஞாயிறு

சின்னதுரை வேனை வாசலில் நிறுத்திவிட்டு, செல்போனைத் தூக்கிக் காட்டிக்கொண்டே உள்ளே வந்தான். எங்கள் தெருக்காரன். திண்டிவனத்திலிருந்து நாங்கள் எங்கே போவதென்றாலும் அவன் வேன்தான்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை அந்த ராட்டினப் பார்க்குக்குப் போறது வேணாங்க்கா. அன்னிக்கு மாரத்தானாம். இருபதாயிரம் பேரு ஓடுறானாம். பீச் ரோட்ட அடைச்சுடுறாங்க. நடுவுல மாட்டிக்கினா பேஜாரு."

என் மனைவி பாஞ்சாலி தோசையைத் திருப்பிப் போட்டாள். "அதுக்குத்தான் ஞாயித்துக்கிழமையே போறோம்" என்றாள்.

நான் பெயிண்ட் கடையில் கலர் கலக்குகிறவன். கூட்டக் கணக்கெல்லாம் எனக்குப் பிடிபடாது. பாஞ்சாலி மேல்மலையனூர்க்காரி. கல்யாணம் ஆகும்வரை கோயில் வாசலில் எலுமிச்சம்பழம் விற்றவள். அமாவாசைக்கு அமாவாசை வந்து இறங்கும் ஜனத்தைப் பார்த்தே வளர்ந்ததால், எந்தத் தெரு எத்தனை மணிக்கு அடைக்கும், எப்போது லேசாகும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பஸ் ஸ்டாண்டில் எந்தப் பக்கம் நின்றால் படிக்கட்டு நமக்கு நேராக வரும் என்று சொல்வாள், அங்கேயே வந்து நிற்கும். பதினாறு வருஷமாகப் பார்க்கிறேன், இன்னும் ஆச்சரியம் அடங்கவில்லை.

தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் கோடு போட்டுக் காட்டினாள். "பார்க்குக்கு வர்ற ஜனம் பூரா வடக்கால, மெட்ராஸ்ல இருந்து வருது. ரோட்ட அடைக்கிறதும் அந்தப் பக்கம்தான். பதினொன்றரைக்குத்தான் வண்டிய உடறான். நாம தெக்கால இருந்து, மரக்காணம் வழியா போறோம். பத்து மணிக்கு கேட்டு தொறந்தா ஒன்றரை மணி நேரம் பார்க்கே நம்முளுது. எங்க ஊர்ல செஞ்சி ரோட்ல பஸ்ஸ மடக்கிட்டாங்கன்னா, சேத்துப்பட்டு பக்கத்துல இருந்து வர்றவங்களுக்குக் கோயிலே சொந்தம்."

சின்னதுரை செல்போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். அவளோ ஏற்கெனவே பார்க்குக்கு இரண்டு முறை போன் போட்டுக் கேட்டிருந்தாள். போலீஸ் கண்ட்ரோல் ரூமையும் விடவில்லை. அங்கே பேசியவர் கடைசியில், "நீங்க எந்த ஸ்டேஷன் மேடம்?" என்று கேட்டாராம்.

இத்தனையும் எங்கள் மகள் ஷாலினிக்காக. பதிமூன்று வயது. பிறவியிலேயே இடது கால் இரண்டு அங்குலம் குட்டை. அடி தடித்த ஷூ போட்டு ஒரு பக்கம் சாய்ந்து நடப்பாள். போன வருஷம் இதே பார்க்கில் ரோலர் கோஸ்டர் வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றாள், சிரித்துக்கொண்டுதான். பின்னால் நின்ற ஒரு அம்மா, நல்ல மனசோடுதான், "பாவம், கால் முடியாத பொண்ணு, முன்னாடி விடுங்க" என்று குரல் கொடுத்தார். மொத்த வரிசையும் ஒதுங்கி வழிவிட்டது. அத்தனை கண்ணும் அவள் ஷூவில். ஷாலினி அந்த வழியில் முன்னே போகவில்லை, திரும்பி வெளியே வந்துவிட்டாள். "இனிமே கூட்டம் இருக்கற எடத்துக்கு என்னக் கூப்புடாதீங்க" என்றாள். அதன்பிறகு கல்யாணம், திருவிழா எதற்கும் வரவில்லை. நான் புலம்பினேன். பாஞ்சாலி புலம்பவில்லை. கூட்டமில்லாத ஒரு மணி நேரத்தைத் தேடிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"யாரும் இருக்க மாட்டாங்கடி, அம்மா கேரண்டி" என்று அவள் தலையிலடித்துச் சத்தியம் செய்த பிறகுதான் ஷாலினி சம்மதித்தாள். இந்த முறையும் கெட்டுப்போனால் அவளை வீட்டை விட்டுக் கிளப்பவே முடியாது. அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

ஞாயிறு காலை எல்லாம் பாஞ்சாலி சொன்னபடியே நடந்தது. மரக்காணம் உப்பளம் தாண்டி ரோடு காலியாகக் கிடந்தது. பத்து மணிக்குப் பார்க் வாசலில் எங்களோடு சேர்த்து நாலே வண்டி. "அக்கா, நீ கலெக்டராப் போயிருக்கணும்" என்றான் சின்னதுரை. ஷாலினி படகு ஊஞ்சலில் மூன்று முறை ஏறினாள். அவள் கத்துவதைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! என் பெண்டாட்டியைக் கையெடுத்துக் கும்பிடலாம்போல இருந்தது.

ரோலர் கோஸ்டர் மட்டும் பதினொரு மணிக்குத்தான் ஓடும் என்று போர்டு வைத்திருந்தார்கள். பதினொன்றுக்கு அங்கே போனால், வரிசை நிரம்பி வழிகிறது. நெஞ்சில் நம்பர் குத்தியவர்கள், கழுத்தில் மெடல் தொங்கவிட்டவர்கள். ஓட்டம் முடிகிற இடம் பார்க்கை ஒட்டிய மைதானமாம். ஓடியவர்களுக்கு டிக்கெட்டில் பாதி சலுகையாம். அத்தனை பேரும் நடந்தே உள்ளே வந்திருந்தார்கள்.

பாஞ்சாலி முகம் செத்துவிட்டது. "வண்டிதான் வராதுன்னு கணக்குப் போட்டேன். ஓடுனவங்க நடந்து வருவாங்கன்னு தோணலியே" என்றாள் என்னிடம். கூட்டத்திடம் அவள் தோற்று நான் பார்த்ததில்லை. ஷாலினியின் கையைப் பிடித்தாள். "வாடி, ஜல்தியா வெளிய போயிடலாம்."

ஷாலினி நகரவில்லை. வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவர் வலது காலை இழுத்து இழுத்து வைத்தார். ஒருவர் கம்பியைப் பிடித்துப் படியில் பக்கவாட்டில் ஏறினார். இரண்டு பேர் ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டு, "ஐயோ அம்மா" என்று முனகிச் சிரித்தார்கள்.

எங்கள் பின்னால் மெடல் போட்ட ஒரு பெண் நொண்டிக்கொண்டே வந்து நின்றாள். ஷாலினி சாய்ந்து நிற்பதைப் பார்த்து, "உனக்கும் கால் போச்சா?" என்றாள்.

ஷாலினி ஒரு கணம் யோசித்தாள். "ஆமாக்கா. லெஃப்ட்டு."

"எனக்கு ரெண்டுமே போச்சு. உன் தோள கொஞ்சம் புடிச்சுக்கட்டுமா?"

"புடிச்சுக்கோங்க" என்றாள் ஷாலினி. அம்மாவின் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டாள். "நீ கீழயே இரும்மா. நான் போய்ட்டு வர்றேன்."

வரிசை நகர்ந்தது. அந்தப் பெண்ணைத் தாங்கிக்கொண்டு என் மகள் படியேறிப் போனாள்.

ஏறியவர்கள் இறங்கி வரும் படியருகே நாங்கள் காத்திருந்தோம். மூன்று முறை வண்டி மேலே போய்க் கவிழ்ந்து இறங்கியது. பாஞ்சாலி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு படிகளில் ஜனம் இறங்க ஆரம்பித்தது.

"எங்கங்க அவ?" என்றாள்.

எந்தக் கூட்டத்திலும் ஷாலினியை அவள் நடையை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன். படி நிறைய ஆட்கள் ஒரு பக்கம் சாய்ந்தும் காலை இழுத்தும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்தும் வெயிலில் சிரித்தபடி இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். நான் கையை நெற்றியில் வைத்துத் தேடிக்கொண்டே இருந்தேன்.