அந்த வசனம் என்னுடையது

1

இந்தக் கதையை எழுத வைத்தது வெட்கம். 1982இல், கறுப்பான பெண்ணைச் செய்தி வாசிக்க விடாத ஒரு தொலைக்காட்சி நிலையத்தைக் கிண்டல் செய்யும் படத்துக்கு நான் வசனம் எழுதினேன். (டைட்டிலில் என் பெயர் வரவில்லை.) படப்பிடிப்பு ஆரணியில். நாயகியாக நடிக்க உள்ளூர்ப் பள்ளி ஆசிரியை அமலியை இயக்குநர் சக்கரவர்த்தி தேர்ந்தெடுத்திருந்தார்.

‘பட்டுத்தறிகளின் ஓசையில் வளர்ந்த அமலி...’

வேண்டாம். ஆரணி என்றதும் தறியைக் கொண்டுவருவது சோம்பேறித்தனம். (அவருடைய அப்பா தபால்காரர்.)

2

விநியோகஸ்தர் வந்து அமலியைப் பார்த்துவிட்டுப் போனார். மறுநாளே சென்னையிலிருந்து சிவப்பான நடிகை ஒருவர் காரில் வந்து இறங்கினார்.

“இவங்களுக்குக் கறுப்பு மேக்கப் போட்டுக்கலாம். தெரிஞ்ச மூஞ்சியா இருந்தாத்தான் படம் ஓடும்” என்றார் சக்கரவர்த்தி.

மேக்கப்மேன் பன்னீர்செல்வம் அமலியின் கையை மேசைமேல் வைக்கச் சொல்லி, அதைப் பார்த்துப் பார்த்துப் பூச்சைக் குழைத்தார்.

“இன்னும் எவ்ளோ நேரங்க? ஸ்கூலுக்கு டைம் ஆவுது” என்றார் அமலி.

(இந்த இடத்தில் நான் எழுந்து தடுத்ததாக முதல் பிரதியில் இருந்தது. அடித்துவிட்டேன். நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.)

3

படத்தில் நிலைய அதிகாரி நாயகியை ‘அடுப்புக்கரி’ என்று கூப்பிடுவார். ஜனங்கள் அதிகாரியைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ஆரணித் தியேட்டரில் அமலிக்கு இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சொல் வரும்போதெல்லாம் கொட்டகை அதிர்ந்தது. சிரித்தது நாயகியைப் பார்த்து.

அமலி இடைவேளையில் எழுந்து போய்விட்டார்.

4

மூன்று மாதம் கழித்து அவரை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன், பெட்டியோடு.

“தேசூருக்கு மாத்தல் கேட்டு வாங்கிக்கினேங்க.”

“ஏங்க?”

“பசங்க போர்டுல அந்தப் பேர எழுதி வெக்கிறாங்க. நானும் டெய்லி அழிச்சிகினுதான் இருந்தேன். போன வாரம் ஒண்ணாங்கிளாஸ் பொண்ணு ஒண்ணு, அதான் எம்பேருன்னு நெனச்சிகினு, ‘அடுப்புக்கரி டீச்சர், தண்ணி குடிச்சிட்டு வரட்டா’ன்னு கேட்டுச்சி. அது கிண்டல் பண்லீங்க. அதான் தாங்க முடில.”

பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, “அந்த வசனம் யாருங்க எழுதினது?” என்றார்.

“டைரக்டர்” என்றேன்.

5

முடிவுகள்.

உண்மை தெரிந்து அமலி என்னை அறைகிறார். (எனக்குச் சுகமான முடிவு.)

தேசூருக்கு அந்தப் படம் வரவேயில்லை. (வந்தது. டூரிங் கொட்டகையில் பதினெட்டு நாள் ஓடியது.)

அமலி புது வகுப்புக்குள் நுழைகிறார். பிள்ளைகள் எழுந்து நிற்கிறார்கள். வாயைத் திறக்கிறார்கள்...

அவர்கள் சொல்வதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். இன்னொரு முறை அவருக்கு நான் பெயர் வைக்க மாட்டேன்.