கடல் வற்றிய நண்பகல்

2004 டிசம்பர் 27. கடல் திடீரென உள்வாங்கினால் கரையைவிட்டு ஓட வேண்டும் என்பதைத் தர்மேந்திரனுக்கு எவரும் சொல்லவில்லை. பள்ளியும் சொல்லவில்லை, வானொலியும் சொல்லவில்லை. முதல்நாள் பினாங்குக் கடற்கரையில் அலை அவரைக் கொண்டுபோயிற்று. இப்போது அவர் குடியிருந்த பெம்பானில், தம் வீட்டுக் கூடத்தில் கிடத்தப்பட்டிருந்தார்.

மகள் ஷாந்தினி அவருடைய கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினாள். குளிப்பாட்டிய பின்னும் நகக்கண்ணில் மணல் இருந்தது. அதைத் துடைக்காமல் முடிச்சை இறுக்கினாள்.

காந்தன் சித்தப்பா செய்தித்தாளை மடித்தார்.

"நடுக்கடல்ல போன கப்பலுக்கே ஒண்ணும் தெரியலையாம். அப்புறம் எப்படி லா ஆள அடிச்சிச்சு?"

அதற்கு விடை இருந்தது. ஆழ்கடலில் அவ்வலை முழங்கால் உயரமே. நீளமோ பல மைல், வேகமோ விமானத்தினுடையது. கரையை நெருங்க நெருங்க ஆழம் குறைகிறது. முன்பகுதி வேகம் இழக்கிறது; பின்பகுதி வந்து நெருக்குகிறது. நீளம் சுருங்குகிறது, உயரம் கூடுகிறது. அலையின் பள்ளம் முன்னே வந்து சேருமானால், கடல் முதலில் பின்வாங்கும்.

வாய்க்கரிசிக்கு அழைத்தார்கள். மனைவி திலகா முன்னே நகர்ந்தாள். தர்மேந்திரனின் அக்காள் வேலாயி, அரிசித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நீதானே பினாங்கு பினாங்குன்னு இழுத்துட்டுப் போன? என் தம்பி வாயில உன் கை படக் கூடாது."

திலகா நீட்டிய கையைத் தாழ்த்திக்கொண்டாள். சுற்றியிருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

ஷாந்தினி பேசினாள். குரல் வேறு யாருடையதோ போல் ஒலித்தது.

"அம்மா எறங்காதீங்கன்னு கத்துனாங்க, அத்தை. கடல் தூரமா வத்திப் போச்சு. அப்பாதான் நம்ம சுங்கை ரம்பாய் மாதிரியே இருக்கு, கெராங் பொறுக்கலாம்னு வாளியத் தூக்கிட்டுப் போனாரு."

அக்காளும் தம்பியும் வளர்ந்த சுங்கை ரம்பாயில் கடல் நாள்தோறும் வற்றும். சேற்றில் கெராங் சிப்பி பொறுக்கி முடிக்கும்வரை பொறுத்திருந்து, மெல்லத் திரும்பும். அங்கே தம்பியின் கையைப் பிடித்துச் சேற்றில் இறக்கிப் பழக்கியவள் வேலாயி.

அவள் தட்டைத் திலகாவின் பக்கம் தள்ளினாள். திலகா இட்ட அரிசியில் சில மணிகள் உதட்டில் நில்லாமல் கழுத்தோரம் சரிந்தன. வேலாயி அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

வாசகரே, நீங்கள் செல்லும் சாவு வீட்டில் ஒரு பெண்ணின் முன்னிருந்து எவரேனும் அரிசித் தட்டை இழுத்தால், எழுந்து அதைத் திருப்பி வையுங்கள். மகள் பேசட்டும் என்று காத்திராதீர்கள்.