எந்த ஊருப் பழம்?

என் மனைவி சிவசக்தி ஒரு வருஷத்துக்கு ஆப்பிரிக்கா போகிறாள் என்று தெரிந்ததும், எங்கள் ஊர் மாரமங்கலத்தில் முக்கால்வாசிப் பேர் என்னிடம் வந்து துக்கம் விசாரித்தார்கள். "ஏனுங்க வெங்கடேஷ், நீங்க போறீங்களா, அவுங்க போறாங்களா?" என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டவர்களும் உண்டு. போகிறது அவள்தான். நான் ஜீப் ஓட்டுகிறவன். ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில் கிடக்கிற ரோடுதான் எனக்கு உலகம். ஏறும்போது ஓர் இடம் சொல்லிவிட்டு, இறங்கும்போது இன்னும் ரெண்டு வளைவு தள்ளி விடச் சொல்பவர்களிடம் "பேச்சுன்னா பேச்சுங்க" என்பேன். ஊருக்குள் என் பட்டப்பெயரே அதுதான்.

சிவசக்தி பதினோரு வருஷமாக எஸ்டேட் நாற்றங்காலில் வேலை பார்க்கிறாள். காப்பிச் செடிக்கு ஒட்டுக் கட்டுவதில் கைராசிக்காரி. நூறு கட்டினால் தொண்ணூறு பிழைக்கும். எஸ்டேட்காரருக்குத் தெரிந்த ஒருவர் உகாண்டாவில் மசாகா என்ற ஊர்ப் பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருக்கிறார். அங்குள்ள பெண்களுக்கு ஒட்டுக் கட்டக் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டுமென்றார். எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டர் டோமினிக் யோசிக்காமல் இவள் பெயரைச் சொல்லிவிட்டார்.

"போகட்டுங்களா?" என்று கேட்டாள்.

"உன் இஷ்டம்" என்றேன்.

அதற்கு 'வேண்டாம்' என்று அர்த்தம். கல்யாணமான எல்லாருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனாலும் பாஸ்போர்ட்டுக்குப் போனாள், மஞ்சள் காய்ச்சல் ஊசி போட சென்னைக்குப் போனாள். ஒவ்வொரு தடவையும் ஏற்காடு வரைக்கும் நான்தான் கொண்டுபோய் விட்டேன். வழியில் வாயைத் திறக்கவில்லை. எனக்குக் கோபம். கோபத்தைவிடப் பயம். விமானம் ஏறிப் போகிறவள் திரும்பி வந்து, இந்த ஓட்டு வீட்டையும் இந்த ஜீப்புக்காரனையும் எந்தக் கண்ணால் பார்ப்பாளோ என்ற பயம். அதைப் போய் யாரிடம் சொல்வது?

ஜனவரி கடைசியில் கிளம்பினாள். வீட்டுக்குப் பின்னால் எங்களுக்கு நாற்பது காப்பிச் செடி உண்டு. அப்போதுதான் பழம் பறித்து முடித்திருந்தோம். மகள் கீர்த்திகாவுக்கு ஆறு வயசு. வருஷம், மாசமெல்லாம் அவளுக்கு என்ன புரியும்? சிவசக்தி அவளைக் கிணற்றோரச் செடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"பாரு கண்ணு, இதுல இப்ப ஒண்ணுமில்ல. மழ பேஞ்சா வெள்ளையாப் பூ வெக்கும். பொறவு காயாவும். அது பழமாகிச் செவந்துச்சுன்னா அம்மா ஊட்டுக்கு வந்துருவேன்."

"நெசமா?"

"நெசமா, சாமி."

எங்கள் மலையில் இது ஒன்றும் புதுக் கணக்கு இல்லை. கல்யாணம் எப்போது என்றால் 'பறிப்பு முடியட்டும்' என்போம். பிள்ளை எப்போது பிறந்தது என்றால் 'காப்பி பூத்தப்ப' என்போம். காலண்டரை சாமி படத்துக்காக மாட்டி வைத்திருக்கிறோம்.

பஸ் ஸ்டாண்டில், சேலம் பஸ்ஸில் கால் வைத்தவள் ஏறாமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஜீப்பின் தார்ப்பாய்க் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தேன். அது நன்றாக இறுகித்தான் இருந்தது. பஸ் போய்விட்டது.

எங்கள் வீட்டில் டவர் கிடைக்காது. ஊருக்கு வெளியே ஒரு வளைவில் ஜீப்பை நிறுத்தினால் போனில் அவள் முகம் தெளிவாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானும் கீர்த்திகாவும் அங்கே போய் உட்கார்ந்துவிடுவோம். செம்மண்ணைக் காட்டுவாள், வாழைத் தோப்பைக் காட்டுவாள். அங்குள்ள பெண்கள் அவளை 'ஞாபோ' என்று கூப்பிடுகிறார்களாம். அம்மா என்கிற மாதிரி மரியாதையாம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த பெருமையை என்னால் தாங்க முடியவில்லை. டவர் போய்விட்டதென்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூன் மாதம் ஒரு ஞாயிறு, கூடை நிறைய சிவப்புப் பழத்தோடு போனில் வந்து நின்றாள். "இங்க வருசத்துக்கு ரெண்டு பறிப்புங்க! இப்பவே பழுத்துருச்சு பாருங்க!"

போனை வைத்ததும் கீர்த்திகா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, பழம் செவந்துருச்சு. அம்மா வந்துருமா?"

'அது அந்த ஊருப் பழம், கண்ணு' என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொல்லவில்லை. "அடுத்த வாரம் அம்மாகிட்டயே கேளு. பழம் செவந்தா வர்றேன்னுதான சொன்னா? பேச்சுன்னா பேச்சுன்னு சொல்லு" என்றேன்.

கீர்த்திகா கட்டிலடியில் கிடந்த அம்மாவின் ரப்பர் செருப்பை எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, வாசலில் ஜோடியாக வைத்தாள். ஒரு வாரம் அதைத் தாண்டித்தான் வீட்டுக்குள் போய் வந்தேன். ஆனாலும் பிள்ளையிடம் உண்மையைச் சொல்லவில்லை. மனுஷன் எவ்வளவு அற்பமாக இருக்க முடியும் என்று அந்த வாரம் தெரிந்துகொண்டேன்.

ஞாயிறு வந்தது. முகம் தெரிந்ததுமே பிள்ளை கேட்டுவிட்டாள். "பழம் செவந்துருச்சில்ல? ஏன் வரல? பேச்சுன்னா பேச்சு!"

சிவசக்திக்கு ஒரு நிமிஷம் பிடிபடவில்லை. பிடிபட்டதும் முகம் சுருங்கிப் போயிற்று. "அது இந்த ஊருப் பழம், சாமி..."

"பழம் பழந்தான! நீ பொய் சொல்லிட்ட!" போனை சீட்டில் எறிந்துவிட்டு, ஜீப்பை விட்டு இறங்கி, முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

போனை எடுத்தேன். சிவசக்தி அழுதுகொண்டிருந்தாள். "ஏனுங்க, ஒரு வார்த்த சொல்லுங்க. எல்லாத்தையும் உட்டுப்போட்டு அடுத்த வாரமே வந்தர்றேன்."

ஐந்து மாதமாக நான் காத்திருந்தது இதற்குத்தான். 'வா' என்றால் போதும், ஒரே எழுத்து. அப்போது அவளுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் வந்து, ஒட்டுக் கட்டிய நாற்றை நீட்டினாள். சிவசக்தி கண்ணைத் துடைக்காமலே கட்டை விரலால் அழுத்திப் பார்த்து, சரியென்று தலையாட்டினாள். அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது.

"வராத" என்றேன். "புள்ளைய அப்பிடிக் கேக்கச் சொன்னதே நாந்தான்."

சிவசக்தி அந்தப் பெண்ணை நாற்றோடு அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"தெரியுமுங்க. நம்ம மலையில பேச்சுன்னா பேச்சுன்னு வேற யாருங்க சொல்றாங்க?"

"தெரிஞ்சுமா வர்றேன்ன?"

"நீங்க வான்னா வந்திருப்பேன். 'போ'ன்னுந்தான் நீங்க இன்னும் சொல்லலீங்களே. பஸ்ஸுல ஏறறப்பக்கூட நின்னு பார்த்தேன்."

இறங்கிப் போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

"கண்ணு, அம்மா பொய் சொல்லல. அப்பாதான் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன். கெணத்துப் பக்கத்துச் செடியில இப்ப என்ன இருக்குது?"

யோசித்தாள். "பச்சக் காயி."

"அம்மா சொன்னது அந்தச் செடியத்தான?"

கீர்த்திகா மூக்கைத் துடைத்துக்கொண்டு போனுக்குள் பார்த்தாள். "அது செவந்தா வருவியா?"

"வந்துருவேன், சாமி."

பிறகு போனை என் பக்கம் திருப்பினேன். ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் சொல்லியிருக்க வேண்டியதை இப்போதுதான் சொன்னேன்.

"போயிட்டு வா, சிவசக்தி."

"அம்மா எப்பவோ போயிருச்சேப்பா!" என்றாள் கீர்த்திகா.

சிவசக்தி சிரிக்கவில்லை. முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்து, நேராக நின்றுகொண்டாள்.

"சரிங்க. போயிட்டு வர்றேனுங்க" என்றாள்.