பூனை வந்த செய்தி

என் மனைவி பிரேமாவதி இருந்தவரை என் கைப்பேசி ஐந்து பெண்களுக்குச் சொந்தமாக இருந்தது.

மலேசியாவில், சுங்கை லாலாங்கில் எங்கள் வீட்டு வரிசைப் பெண்கள் ஐவர், பிரேமாவதியையும் சேர்த்து, ஒருவருக்கொருவர் ஜாமீன் நின்று, குருண் பட்டணத்தில் ஒரு சிறுகடன் அலுவலகத்தில் கடன் வாங்கியிருந்தார்கள். தவணையை நோட்டில் எழுதிய காலம் போய்க் கணினி வந்தது. கட்டிய பணத்துக்கு ரசீது கைப்பேசியில் வருமாம். ஆளுக்கொரு எண் கேட்டார்கள். பிரேமாவதி என் எண்ணைக் கொடுத்தாள்; தங்கள் வீட்டுக்காரர் கண்ணில் பட்டால் காசு தங்காது என்று மற்ற நால்வரும் அதையே கொடுத்துவிட்டார்கள். கேட்டதை வெளியே சொல்லாத ஆள் என்று எனக்குப் பெயர்.

ரசீது வந்ததும் நான் வேலியோரம் போய்ச் சங்கேதமாகச் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்கு இப்படி: "அழகம்மா, ஒன் பூனை வந்துச்சு."

அவள் கணவன் மணியம் ஒருநாள் என்னை மடக்கினான். "எங்க வீட்டுல ஏது பூனை அண்ணே?"

"அதான் எங்க வீட்டுக்கு வந்துருச்சே," என்றேன்.

மூன்று ஆண்டு இப்படியே ஓடியது. ஒரு தீபாவளிக்கு ஆறு வாரம் முன்பு, முறுக்கு மிஷின் வாங்க அழகம்மா நாலாயிரம் வெள்ளி கேட்டாள். ஆர்டர் பிடித்து முன்பணமும் வாங்கிவிட்டாள். கணினி மறுத்துவிட்டது. அலுவலகம் என்னைத்தான் கூப்பிட்டது. பிரேமாவதியும் அழகம்மாவும் கூடவே வந்தார்கள். அங்கே வேலை செய்யும் சாந்தினி திரையைத் திருப்பினாள்.

"அஞ்சு பேரு, ஒரே போன் நம்பர். ஒரே ஆளு அஞ்சு லோன் எடுத்த மாதிரி இருக்கு அங்கிள். சிஸ்டம் லோக் பண்ணி நிறுத்திருச்சு லா. அஞ்சும் உங்க வைஃபா?"

"ஒண்ணையே இவரால சமாளிக்க முடியல," என்றாள் பிரேமாவதி.

அழகம்மா சிரிக்கவில்லை. "எங்க வீட்டுல போனு அவருகிட்டதாம்மா. தெரிஞ்சா மிஷின் காசுல லோட்டரி எடுத்துருவாரு."

சாந்தினி எதையோ தட்டினாள். ஐவர் கணக்கும் விரிந்தது. நூற்றைம்பத்தாறு வாரம்; ஒருவர் தவணைகூடத் தவறவில்லை. பழைய நோட்டென்றால் இதைத் தேடவே ஒரு வாரம் ஆகும், பாதியைக் கறையான் தின்றிருக்கும்.

"இப்படி ஒரு குரூப் எங்ககிட்ட இல்ல ஆன்ட்டி," என்றாள்.

மறுநாள் ஐவரின் அடையாள அட்டைகளையும் சரிபார்த்து, என் எண்ணைக் குழுவின் பொது எண் என்று மாற்றிப் பதிந்தாள். மேலாளர் அந்தக் கணக்கைப் பார்த்து ஐயாயிரமே கொடுத்தார். மிஷின் எங்கள் கொட்டகையில் இறங்கியது. அது பிரேமாவதியுடையது, அழகம்மா கூலிக்கு வருகிறாள் என்று மணியத்திடம் சொன்னோம். அவன் முறுக்கைக் கடித்தபடி நம்பினான்.

மாசியில் பிரேமாவதி போய்விட்டாள். அவள் கடனில் நான்கு தவணை பாக்கி. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, கட்டப் போக நான் சட்டை மாட்டும்போது கைப்பேசி ஒலித்தது. பிரேமாவதி பெயரில் ரசீது, நான்கும் கட்டியாயிற்று. எனக்குத் தெரியாமல் கட்ட நினைத்த மற்ற நால்வரும், ரசீது யாருக்குப் போகும் என்பதை மறந்துவிட்டார்கள்.

வேலியோரம் போனேன். "அழகம்மா, பூனை வந்துச்சு. ஆனா அது ஒன் பூனை இல்லையே?"

அவள் என்னைப் பார்க்காமல் துணியை உதறினாள்.

"எங்க வீட்டுல ஏது பூனை அண்ணே?"